ஐந்து கதிரை வைத்து மக்காச்சோள விதையைக் காக்க முடியாது

விதைத் திருவிழாவில் வாங்கிப் போன மக்காச்சோளம் இரண்டு மூன்று பருவம் தாண்டியதும் ஒரே மாதிரியான புகாராகத் திரும்பி வருகிறது. "ஊதா நிற நாட்டு ரகம் சார். முதல் தடவை ஆள் உயரம் வந்தது. இப்போ இடுப்பளவு தாண்டல, கதிர்ல பாதிக்கு மணியே இல்ல. யாரோ மரபணு மாத்தின விதையைக் கலந்துட்டாங்க." இந்தப் பருவமும் இதே பேச்சுதான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாரும் எதையும் கலக்கவில்லை. ஐம்பது விதையில் தொடங்கி, விளைந்ததில் பெரிதாக இருந்த நாலைந்து கதிரை மட்டும் எடுத்து வைத்து, அதையே திரும்பத் திரும்ப விதைத்தால் மக்காச்சோளம் இப்படித்தான் நலியும்.

முதலில் மரபணு மாற்றம் என்ற பேச்சு. இந்தியாவில் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை வணிக முறையில் சாகுபடி செய்ய அனுமதி இல்லை. கடையில் நீங்கள் வாங்குவது வீரிய ஒட்டு ரகம். அது வேறு, மரபணு மாற்றம் வேறு. வீரிய ஒட்டு விதை வயலில்தான் உருவாகிறது: ஒரு பெற்றோர் வரிசையில் ஆண் மஞ்சரியை, அதாவது செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்தை, மகரந்தம் சிந்துவதற்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள், பக்கத்து வரிசையில் நிற்கும் இன்னொரு பெற்றோரின் மகரந்தம் காற்றில் வந்து சேரும், அவ்வளவுதான். ஜார்ஜ் ஷல் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1908-இல் இதற்கு அடிப்படை போட்டபோது மரபணு எதனால் ஆனது என்றே யாருக்கும் தெரியாது. இந்தியாவில் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய வீரிய ஒட்டுகள் 1961-இல் வெளியாயின. மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பம் அதற்குப் பிறகு வந்தது. விதையின் மேல் சிவப்பாகவோ பச்சையாகவோ பூசியிருப்பதும் மரபணு மாற்றத்தின் அடையாளம் இல்லை. அது மருந்து நேர்த்தி செய்ததைக் காட்டும் சாயம். மீந்த விதையைக் கோழிக்குப் போடாதீர்கள்.

"வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்தால் முளைக்காது" என்பதும் பொய். நன்றாகவே முளைக்கும். ஆனால் கலப்பால் கூடுதலாகக் கிடைத்த வீரியம் அடுத்த தலைமுறையில் பாதியாகக் குறையும். பெற்றோர் வழிகள் ஹெக்டேருக்கு 2 டன், அந்த இரண்டையும் கலந்த வீரிய ஒட்டு 8 டன் என்று வைத்துக்கொண்டால், எடுத்து வைத்த விதையில் ஏறக்குறைய 5 டன்தான் எதிர்பார்க்கலாம். உயரமும் பூக்கும் நாளும் செடிக்குச் செடி மாறும். உரமும் கூலியும் அதே செலவுதான். ஆகவே வீரிய ஒட்டு போடுகிறவர் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும். விதை எடுத்து வைக்க விரும்புகிறவருக்குக் கூட்டு ரகமோ (பல வழிகளைக் கலந்து உருவாக்கியது) நாட்டு ரகமோதான் சரி.

நாட்டு ரகத்தை எடுத்து வைக்கும்போதுதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். நெல்லில் நல்ல கதிர் ஒன்றை எடுத்து வைத்தாலும் ரகம் நிலைக்கும், அது தன் மகரந்தத்திலேயே மணி பிடிப்பது. மக்காச்சோளத்தில் மகரந்தம் செடியின் உச்சியில், அதை ஏற்கும் பட்டு இழை இடையில் உள்ள கதிரில். பெரும்பாலும் அடுத்த செடியின் மகரந்தம்தான் வந்து சேரும். ஒவ்வொரு செடியும் பல கெட்ட கூறுகளை மறைத்து வைத்திருக்கும். நெருங்கிய உறவுச் செடிகளுக்குள்ளேயே கலப்பு நடந்தால் அவை ஜோடி சேர்ந்து வெளியே வரும். பச்சையமே இல்லாத வெள்ளை நாற்று முளைத்து, விதையிலிருந்த சத்து தீர்ந்ததும் கருகிவிடும். மற்றவை குட்டையாக நிற்கும். பட்டு இழை பிந்தி வரும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். ஒரு இழைக்கு ஒரு மணி; மகரந்தம் சேராத இழைக்கு மணி இல்லை. உங்கள் கதிரில் இருக்கும் பொக்கை இதனால்தான்.

5 செடிகளுக்குள்ளேயே கலப்பு நடந்தால் ரகத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் ஒவ்வொரு தலைமுறையிலும் 10 சதவீதம் போய்விடும். "நான் 500 செடி போட்டேனே" என்பார்கள். 500 செடி மகரந்தம் தந்தாலும் விதை எடுத்தது 5 கதிரில் என்றால், மரபுக் கணக்கில் அது சுமார் 20 செடிக்குத்தான் சமம். இந்தக் கணக்கைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்!

மக்காச்சோளத்தின் தாயகத்தில் இப்படிச் செய்திருந்தால் இந்தப் பயிரே மிஞ்சியிருக்காது. தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன், டியோசின்ட்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து உழவர்கள் இதை உருவாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிக்குள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். ஓடு போய் மணி வெளியே வந்ததற்கும், கிளைத்துப் படர்ந்த செடி ஒற்றைத் தண்டாக நின்றதற்கும் சில மரபணுக்களில் நேர்ந்த மாற்றங்களே பெருங்காரணம். இன்றைய கதிர் தோகைக்குள் மூடியே கிடப்பதால் மனிதன் உரித்து விதைக்காமல் அது தானாகப் பரவாது. கடற்கரை முதல் 3000 மீட்டர் மலை வரை மெக்சிகோவில் விளையும் ரகங்கள், ஊர் ஊராக நிறையச் செடிகளில் விதை எடுத்து, மாற்றிக்கொண்டு காத்தவை. நீலம், கருஞ்சிவப்பு, வெள்ளை எல்லாம் அங்கே பழைய நிறங்கள். வண்ண மணியைப் படம் பிடித்து "ஆய்வகச் சோளம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

விதைக்காகப் போடுகிறவர்கள் செய்ய வேண்டியது:

பயிர் விலகு தூரம், அதாவது வேறு மக்காச்சோள வயலிலிருந்து விட வேண்டிய இடைவெளி, குறைந்தது 200 மீட்டர். பக்கத்து வயல்காரர் கேட்க மாட்டார் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதையுங்கள். இனிப்பு மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கும் இதேதான்: தீவன மக்காச்சோள மகரந்தம் பட்ட மணி அந்தப் பருவத்திலேயே இனிப்பின்றி மாவாகிவிடும். வெள்ளைக் கதிரில் திட்டுத் திட்டாக மஞ்சள் மணி தெரிந்தால் அது பக்கத்து வயல் மகரந்தம். அந்த மணிகளைப் பொறுக்கி நீக்கலாம். மஞ்சள் கதிரில் வெள்ளை ரகம் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அங்கே தூரம் ஒன்றுதான் பாதுகாப்பு.

குறைந்தது 200 செடி நிற்க வேண்டும். நோயுற்ற செடியையும் ரகத்துக்குப் பொருந்தாத கலவனையும் மகரந்தம் சிந்துமுன் பிடுங்குங்கள். நூறு கதிருக்குக் குறையாமல் எடுங்கள். களத்துக் குவியலில் பெரிய கதிராகப் பார்த்து எடுக்காதீர்கள். வயலில் செடி நிற்கும்போதே, வரப்போரமும் இடைவெளி ஓரமும் இல்லாமல், நாலா பக்கமும் செடி சூழ நின்று நன்றாக விளைந்ததைக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். மணியின் அடியில் கருப்புப் படலம் விழுந்த பின் அறுத்து, கதிராகவே காய வையுங்கள். தடியால் அடித்தால் முளைக்கரு உடையும், கையால் உதிருங்கள். அடியிலும் நுனியிலும் உள்ள மணிகளை விட்டு, நடு மணிகளை மட்டும் ஒவ்வொரு கதிரிலும் ஒரே எண்ணிக்கையில் எடுத்துக் கலக்குங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை கட்டாதீர்கள்.

இவ்வளவு நிலம் இல்லையா? தயவுசெய்து தனியாகக் காக்க முயல வேண்டாம். ஒரே ரகத்தை வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கு நாற்பது ஐம்பது செடி போட்டு, அறுவடையில் விதையை ஒன்றாகக் கலந்து பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நலிந்துபோன விதையைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதே ரகத்தை வேறு ஊரில் வைத்திருப்பவரிடம் விதை வாங்கி, இரண்டையும் சரிபாதி கலந்து விதையுங்கள். அதில் எடுத்த விதையைப் போடும் அடுத்த பருவத்திலேயே உயரமும் மணிப்பிடிப்பும் பெரும்பாலும் மீளும்.