விழுவது பால் பல்தான், தாடை எலும்பு அன்று

ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய ஆயா (பாட்டி), தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். மேல் முன்பற்கள் உதட்டுக்கு வெளியே எத்தி நின்றன. கடைவாயை இறுகக் கடித்த நிலையிலும் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே நான் அவள் கையைப் பார்த்துவிட்டேன். ஒன்பது விரல்களில் விளையாட்டு அழுக்கு. வலது கட்டைவிரல் மட்டும் கழுவித் துடைத்தாற்போல் வெளுத்து, கணுவில் காய்ப்புக் காய்த்திருந்தது. (விரல் சூப்பும் குழந்தை என்று பாதி நோயறிதலை எங்களுக்கு அந்த ஒரு விரலே முடித்துக் கொடுத்துவிடும்.) மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, பால் பல்தானே, விழுந்து முளைத்தால் நேராகிவிடும் என்று இருந்துவிட்டோம் என்றார். அந்த விடுமுறையில் இதே பதிலை நான் கேட்டது நான்காவது முறை.

பால் பற்கள் இருபதும் விழத்தான் போகின்றன. ஆனால் அவை ஊன்றி நிற்கும் தாடை எலும்பு விழுவதில்லை. விரல் சூப்பும்போது கட்டைவிரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது, கீழ்ப்பற்களை உள்ளே சாய்க்கிறது. அண்ணத்தைத் தாங்க வேண்டிய நாக்கு கீழே இறங்கிவிடுவதால், கன்னத் தசைகளின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க ஆளின்றி மேல்தாடை குறுகிப்போகிறது. ஆறு, ஏழு வயதில் முளைக்கும் நிலைப்பற்களுக்கு வேறு தாடை கிடையாது. அதே குறுகிய இடத்தில்தான் அவையும் வந்து நிற்க வேண்டும். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லோ எந்தப் பால் பல்லும் விழாமலேயே வரிசையின் பின்னால் வந்துவிடுகிறது. "இன்னும் ஒரு பல்கூட விழவில்லையே" என்று காத்திருக்கும் பெற்றோருக்கு அது வந்ததே தெரிவதில்லை.

குழந்தை அழுத்தியா சூப்புகிறது, மெதுவாகத்தானே என்றும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பல்லை நகர்த்துவதற்குப் பெரிய விசை தேவையில்லை, நீண்ட நேரம் போதும். இரவு முழுவதும் வாயில் கிடக்கும் விரல், பகலில் பத்து நிமிடம் பலமாகச் சூப்பப்படும் விரலைவிடக் கெடுதலானது.

கைக்குழந்தை விரல் சூப்புவதைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை. கருப்பையிலேயே தொடங்கும் இயல்பு அது, பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நிலை முன்பற்கள் முளைக்கும் முன்பு பழக்கம் நின்றுவிட்டால் முன்பக்க இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். குறுகிய அண்ணமும், அதனால் பக்கப் பற்கள் மாறிக் கடிப்பதும் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. ஆகவே நான்கு வயது தாண்டியும் பழக்கம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டம்மியை (குழந்தை வாயில் வைத்துச் சூப்பும் ரப்பர் காம்பு) நாம் பறித்துவிடலாம், விரலைப் பறிக்க முடியாது என்பதால் அதற்குச் சாக்கே இல்லை: இரண்டு வயதில் குறைத்து, மூன்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். பல்லுக்கு ஏற்ற வடிவம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பிக் காலத்தை நீட்டாதீர்கள். டம்மியைத் தேனில் தோய்க்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனால் உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். சர்க்கரை போட்ட ரூய்போஸ் தேநீரைப் புட்டியில் ஊற்றிப் படுக்கையில் கொடுப்பதையும் விடுங்கள், அது பல்லைச் சொத்தையாக்கும். மேல் முன்பற்கள் கருகி, நாக்கு மூடிக் காக்கும் கீழ் முன்பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தால் எங்களுக்குக் கேள்வியே தேவைப்படாது.

விரலில் மிளகாய் தடவாதீர்கள். அதே விரல் கண்ணுக்கும் போகும். உறவினர் குழந்தைகள் முன்னால் கேலி செய்யாதீர்கள். வெட்கப்படும் குழந்தை போர்வைக்குள் போய்ச் சூப்பும். தொலைக்காட்சி பார்க்கும்போதா, தூக்கம் வரும்போதா என்று ஒரு வாரம் கவனித்து, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். சூப்பாத நாளுக்கு நாள்காட்டியில் குழந்தையே ஒரு நட்சத்திரம் ஒட்டட்டும். இரவில், அதன் சம்மதத்தோடு, கையில் பருத்திக் காலுறை மாட்டிவிடலாம். சில மாதங்களில் பலன் இல்லையென்றால் அண்ணத்தில் பொருத்தும் கம்பி இருக்கிறது, ஆனால் விடவேண்டும் என்று குழந்தையும் விரும்பினால்தான் அதைப் பொருத்துவேன்.

ஆயாக்களிடம் ஒரு வேண்டுகோள். அவித்த மக்காச்சோளக் கதிர் ஒன்றைப் பேரக்குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். முன்பல்லால் கடிக்காமல் கதிரைச் சாய்த்துப் பக்கப் பல்லால் சுரண்டினால், எந்தப் பல்லும் விழும்வரை காத்திராமல் அந்த வாரமே அழைத்து வாருங்கள்.