மலையகத்தில் உயிரியல் கைத்தொழில்: அரச–தனியார் பங்குடைமையின் விதிகள்

அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தும் அரச–தனியார் பங்குடைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் 1992 ஆம் ஆண்டு அரச தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்கு ஒப்படைக்கப்பட்டதையே மலையகத்தில் பலர் நினைத்துக்கொள்வார்கள். அந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு, தாவரங்கள், நுண்ணுயிர்கள் போன்ற உயிர்வளங்களிலிருந்து பொருட்களை உருவாக்கும் உயிரியல் கைத்தொழிலைப் பற்றிப் பேச முடியாது. ஏனெனில் மூலிகைத் தோட்டமோ திசு வளர்ப்புக் கூடமோ எதை அமைப்பதானாலும், காணி பெரும்பாலும் அந்தக் குத்தகைக்குள்தான் இருக்கிறது. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். அது 2045 இல் முடிவடைகிறது. ஒவ்வொரு கம்பனியிலும் அரசுக்கு ஒரு தங்கப் பங்கு, அதாவது முக்கிய முடிவுகளைத் தடுக்கக்கூடிய சிறப்புப் பங்கு, உண்டு. அரசின் சம்மதமின்றித் தோட்டக் காணியை உபகுத்தகைக்கு விட முடியாது. ஒரு மருந்துப் பொருளை ஆய்வுகூடத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுவரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கலாம் என்பதால், எஞ்சியிருக்கும் குத்தகைக் காலத்தைக் கணக்கிடாமல் முதலீட்டாளர் எவரும் கையொப்பமிட மாட்டார்.

காணியைத் தவிர அரசின் கையில் அறிவும் இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவானது. ஏற்றுமதித் தேயிலை மீது விதிக்கப்பட்ட வரிப்பணம் அதன் ஆய்வுகளைத் தாங்கியது. 1930களின் நடுப்பகுதியில், இரண்டு கொழுந்திலைகளை நூலால் ஒட்டி அதனுள்ளிருந்து தின்னும் புழுவை அடக்க, ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து விடப்பட்டது. குளவி புழுவின் உடலிலேயே முட்டையிட்டது; அதன் குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்தன; பயன் எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தனியார் பணமும் பொது ஆய்வும் சேர்ந்த பங்குடைமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மலையகத்தில் இல்லை என்பது என் கருத்து. பேராதனைப் பல்கலைக்கழகம், ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம், கன்னொறுவையின் தாவர மரபணு வள நிலையம் ஆகியனவும் அரச தரப்பின் முதலீடாகக் கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை.

சிக்கல் மிகுந்த பகுதி, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதாகும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 62 ஆம் பிரிவின்படி, தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும், மரபணு மாற்றப்பட்டவை தவிர்ந்த நுண்ணுயிர்களுக்கும் இலங்கையில் ஆக்கவுரிமை, அதாவது கண்டுபிடிப்பைத் தனியாகப் பயன்படுத்தும் உரிமை (patent), வழங்கப்படுவதில்லை. ஆனால் ஒரு தாவரத்திலிருந்து சாற்றைப் பிரித்தெடுக்கும் புதிய முறைக்கு 20 ஆண்டு ஆக்கவுரிமை பெற முடியும். செடி யாருடையதுமாகாது, அதைப் பணமாக்கும் வழி மட்டும் ஒருவருடையதாகலாம். நீரிழிவுக்கு நம் வைத்தியர்கள் பயன்படுத்தும் பொன்கொரண்டி என்னும் மூலிகை தொடர்பாக வெளிநாடுகளில் ஆக்கவுரிமைகள் பெறப்பட்டிருப்பது இந்த இடைவெளியின் விளைவே. எனவே ஆக்கவுரிமை யார் பெயரில் பதியப்படும், உரிமத் தொகையில் அரச நிறுவனத்துக்கு எவ்வளவு, மூலிகையை இனங்காட்டிய சமூகத்துக்கு எவ்வளவு என்பன ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். இலங்கை 1994 இல் ஏற்று உறுதிப்படுத்திய உயிர்ப் பல்வகைமைச் சமவாயமும் நன்மைகளை நியாயமாகப் பகிருமாறு கோருகிறது. காட்டுத் தாவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும் என்பது தனி விடயம். வாசனைப் பொருளுக்காகக் கடத்தப்படும் வல்லப்பட்டையுடன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபடுவோர் பற்றிய செய்திகளைப் படித்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேரும் தோட்ட இளைஞருக்குத் தொழில் வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும்.

தோட்ட மக்கள் ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர் என்றாலும், அதன் உள்ளடக்கத்தைக் கேட்டறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவர்களுக்கு இடமளிக்கிறது. சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வர்த்தக இரகசியம் என்று கூறி மறுக்க இடமுண்டு. ஆயினும் பொது நலன் மேலோங்கும்போது அந்த மறுப்பு நிலைக்காது. மறுப்பை எதிர்த்து முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தில் "ஒப்பந்தப் பிரதி" என்று பொதுவாக எழுதாமல், காணி, ஆக்கவுரிமை, நன்மைப் பகிர்வு ஆகிய வாசகங்களின் பிரதி என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. முழு ஆவணத்தையும் இரகசியமென மறுப்பது அப்போது கடினமாகும்.