வேடந்தாங்கல் சதுப்பு நிலமா?

போன தை மாதம் வேடந்தாங்கல் போயிருந்தோம். கரைமேல் நின்று கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கை மகள் கையிலிருந்த சுற்றுலாக் கையேட்டை உரக்கப் படித்தாள்: 'வேடந்தாங்கல் மிகப் பழமையான ஒரு சதுப்பு நிலமாகும்.' பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற உள்ளூர்ப் பெரியவர் சிரித்துவிட்டார். "சதுப்பெல்லாம் இல்ல பாப்பா, இது ஏரி. தண்ணி வத்துற நாள்ல வந்து பாரு, நடுவுல மாடு மேயும்."

அவர் சொன்னதுதான் சரி. ஊர்ப் பெயரிலேயே இருக்கிறதே. தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி வைத்துப் பாசனத்துக்கு விடும் சிறிய ஏரி. பழவந்தாங்கலிலும் அதே தாங்கல்தான். ஏரியை ஏரி என்று எழுதாமல் கையேட்டுக்காரரைத் தடுத்தது 'வெட்லேண்ட்' என்ற ஆங்கிலச் சொல். அதைப் பார்த்ததும் கை தானாகச் 'சதுப்பு நிலம்' என்று எழுதிவிடுகிறது. செய்தித்தாளில், பாடப் பயிற்சித்தாளில், உலக வெட்லேண்ட் நாளான பிப்ரவரி 2ஆம் தேதி வரும் வாழ்த்துப் படங்களில் என்று எங்கு பார்த்தாலும் இதுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஈரம், நிலம் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்தது வெட்லேண்ட், அவ்வளவுதான். சதுப்பு நம் சொல். கால் வைத்தால் புதையும் சேற்று நிலத்தைக் குறிப்பது. 'சதசத' என்று நாம் சொல்வதும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதுக்குப் படுகிறது. நல்ல சொல்தான். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தால் போதும்.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் இந்த இடங்களைக் காக்கக் கையெழுத்தான உடன்படிக்கை, வெட்லேண்ட் என்பதற்குள் எதையெல்லாம் அடக்குகிறது என்று பாருங்கள். இயற்கையானதோ மனிதன் வெட்டியதோ, எப்போதும் நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, ஓடுவதோ தேங்குவதோ, நன்னீரோ உப்புநீரோ எல்லாம் அதில் உண்டு. கடலில்கூட, நீர் வற்றும் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத பகுதி உள்ளே வந்துவிடும். சதுப்பு இந்தப் பெரிய குடும்பத்தில் ஓர் உறுப்பினர் மட்டுமே. குடும்பத்துக்கே அதன் பெயரை வைப்பது, பலகாரம் என்பதற்கு முறுக்கு என்று மொழிபெயர்ப்பது போல.

அந்த உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிய தமிழ்நாட்டு இடங்களையே எடுத்துக்கொள்வோம். 2002இல் கோடியக்கரை சேர்ந்தது. அப்புறம் 20 ஆண்டுகள் எதுவுமில்லை. 2022இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், பிச்சாவரம், பள்ளிக்கரணை என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. இதில் பள்ளிக்கரணையைச் சதுப்பு என்றால் நான் வாய் திறக்க மாட்டேன், அது சதுப்பேதான். ஆனால் மன்னார் வளைகுடாவும் அதே ஆண்டு அதே பட்டியலில் ஏறியது. பவளப்பாறையும் கடற்புல்லும் இருக்கும் கடலைச் சதுப்பு நிலம் என்பதா? 2024இல் கோத்தகிரிப் பக்கமுள்ள லாங்வுட் சோலைக்கு அறிவிப்பு வந்தது. அது மலைமேல் இருக்கும் சோலைக்காடு. அதையும் 'சதுப்பு நிலமாக அறிவிப்பு' என்று எழுதியதைப் படித்துவிட்டு, அங்கே போய்ச் சேற்றைத் தேடுபவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

'எல்லாருக்கும் புரிகிறதே, அப்புறம் என்ன?' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சண்டைக்கு வந்தார். புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ஆங்கிலத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும். அவர்கள் முன்பு 'ஸ்வாம்ப்' என்ற சொல்லைத்தான் அதிகம் புழங்கினார்கள். கொசு, காய்ச்சல், நாற்றம் எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 1849, 1850ஆம் ஆண்டுகளில் அந்தச் சொல்லின் பெயரிலேயே சட்டங்கள் போட்டு, அந்த நிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். எதற்கு? நீரை வடித்து உழுவதற்கு. வாத்துகளுக்கும் நாரைகளுக்கும் இடம் போய்க்கொண்டே இருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுவில்தான் வெட்லேண்ட் என்ற சொல் அரசு அறிக்கைகளிலும் அறிவியலிலும் பரவலாக ஏறியது. பழைய சொல்லின் கெட்ட பெயர் இதற்கு இல்லை. காக்க வேண்டிய இடம் என்று சொல்ல இது வசதியாக இருந்தது. அவர்கள் வாசலில் கழற்றிவிட்ட பழைய செருப்பை நாம் எடுத்து மாட்டிக்கொண்டு 'மொழிபெயர்த்துவிட்டேன்' என்கிறோம்.

இன்னொரு கெடுதலும் உண்டு. சதுப்பு என்றதும் மனசில் சேறு வருகிறது. வைகாசியில் ஏரி வெடித்துக் கிடக்கும்போது சேறு எங்கே? 'இது சதுப்பும் இல்லை, ஏரியும் இல்லை, சும்மா கிடக்கிற புறம்போக்கு' என்று ஒருவர் சொல்ல, பேருந்து நிலையமோ அலுவலகக் கட்டடமோ எழும்பிவிடுகிறது. உடன்படிக்கை 'சில மாதம் மட்டும் நீர் நிற்பது' என்பதையும் சேர்த்துக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பு அந்தப் பாதியைத் தின்றுவிடுகிறது.

சரி, என் கட்சி என்ன? ஈரநிலம். ஏற்கெனவே பலர் எழுதும் சொல்தான், நான் கண்டுபிடித்ததில்லை. அதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். 'ஈர நிலம்' என்று பிரித்தால் மழை பெய்து நனைந்த தரை. சேர்த்தால் ஒரு வகை நிலத்தின் பெயர். கரும்பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்த பிறகும் அது கரும்பலகைதானே? அதனால் 'காய்ந்தால் ஈரநிலம் என்று எப்படிச் சொல்வது?' என்ற கேள்வியும் விழுந்துவிடும். தண்ணீர் இல்லாத மாதத்திலும் நன்செய் நன்செய்தான்.

நன்செய் என்றதும் ஒரு குழி இருப்பது நினைவுக்கு வருகிறது. பழைய வருவாய்த்துறை ஆங்கிலத்தில் 'வெட் லேண்ட்' என்று இரண்டு சொல்லாக வந்தால் அது நன்செய், பாசனமுள்ள வயல். பறவைகளைப் பற்றிய கட்டுரையில் அதைப் போடக் கூடாது. பட்டாவில் ஈரநிலம் என்று போடக் கூடாது. இரண்டையும் மாற்றிப் போட்ட ஓர் ஆவணத்தை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், யாரோ ஒருவருடைய நெல் வயல் சதுப்பு நிலமாகியிருந்தது. இதில் வேடிக்கை, நெல் வயலையும் ராம்சார்க்காரர்கள் ஈரநில வகைகளில் ஒன்றாகக் கொள்கிறார்கள். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளோ நெல் வயலையும், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் விலக்கி வைக்கின்றன. எல்லை எங்கே என்பது இவ்வளவு வழக்குள்ள விஷயம், நாமோ சொல்லிலேயே கோட்டை விடுகிறோம்.

'நீர்நிலை' போதாதா என்பார்கள். நீர் நிற்கும் இடத்துக்குப் போதும், லாங்வுட் சோலைக்குப் போதாது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'ஈரப்புலம்' என்கிறார். புலம் அழகான பழஞ்சொல். ஆனால் இன்று அதைக் கேட்டால் பல்கலைக்கழகத் துறைதான் நினைவுக்கு வருகிறது. ஈரத்தைப் போலவே நிலமும் தமிழ்தான், அதைத் துரத்த என்ன காரணம்?

இதே கைதான் பிச்சாவரத்தைச் 'சதுப்புநிலக் காடு' என்று எழுதுகிறது. அலையாத்திக் காடு என்று எவ்வளவு அருமையான சொல் இருக்கிறது! அலையை ஆற்றும் காடு. அதன் சுரபுன்னையையும் தில்லையையும் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். தில்லை மரத்தால் சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் படகில் ஏறி, துடுப்புப் போடுபவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி என்பார்கள். கடலோரத்தில் கழி, காயல். தெற்கே கண்மாய். இத்தனையையும் வழித்துப் போட்டு ஒரே சதுப்பு.

'சரணாலயம்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. வடசொல்தான், ஆனால் பேருந்துப் பலகை வரை ஏறிவிட்டது. கேட்டால் புகலிடம் என்றே சொல்வேன். வேடந்தாங்கல்காரர்கள் செய்ததற்கு அதுதான் பொருந்துகிறது. பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி அது. அங்கே போகிறவர்கள் ஒலிபெருக்கிப் பாட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு, கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவில் விடியற்காலையிலோ மாலையிலோ போனால் நத்தைகுத்தி நாரையை நன்றாகவே பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையேட்டை அச்சிட்டவர்களுக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் கருத்துக்கு நன்றி. அடுத்த பதிப்பில் குழப்பம் வராமல் வெட்லேண்ட் என்றே போட்டுவிடுகிறோம்.'