போட்டா கேக்குது, விட்டா வந்துடுது

மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசிக்கொண்டு வந்தவர்கள், போன வாரம் மட்டும் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் லோடு ஆட்டோ ஓட்டுபவர். உட்காரும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசையில் வைத்தார். பேஸ்ட் ட்யூப் மாதிரி வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கியிருந்தது. "இதைப் போட்டா கேக்குது டாக்டர், விட்டா வந்துடுது. இதுலயே கொஞ்சம் பவரா எழுதிக் குடுங்க." எட்டு மாதமாகப் போடுகிறாராம். மெடிக்கலில் கேட்டு வாங்கியது.

படர்தாமரைதான், பூஞ்சையால் வருவது. தொடை இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு அளவில் தொடங்கியது, இப்போது இடுப்பு, பிட்டம் எல்லாம் வட்டத்துக்குள் வட்டமாகப் பரவியிருக்கிறது. போதாததற்கு, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே, அதுபோன்ற வரிகள் தொடையில். அவை நாளடைவில் நிறம் மங்கும், போகாது.

ட்யூபில் பொடி எழுத்தைப் படித்தேன். க்ளோபெட்டசால், கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக். அரிப்பையும் சிவப்பையும் அடக்கத் தோலில் போடும் ஸ்டீராய்டுகளில் க்ளோபெட்டசால்தான் உச்சபட்ச வீரியம். தொடையில் விழுந்த வரிகளும் இதன் வேலைதான். என்ன நோய் என்றே பார்க்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று தரப்படும் கதம்பம் இது.

"கேக்குது" என்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும். பூஞ்சை வந்ததும் உடம்பு அதனோடு மல்லுக்கட்டுகிறது. அந்தச் சண்டைதான் உங்களுக்கு அரிப்பாக, சிவப்பாகத் தெரிகிறது. ஸ்டீராய்டு சண்டையை அடக்கிவிடும். நாய் குரைப்பதை நிறுத்தியதும் திருடன் ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நாயின் வாயைக் கட்டியிருக்கிறது ஐயா, திருடன் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ட்யூபை நிறுத்தினால் கட்டு அவிழும், நாய் முன்னைவிடப் பலமாகக் குரைக்கும். உடனே மறுபடி ட்யூப். இவருடைய தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஸ்லைடு முழுக்கப் பூஞ்சை இழை. களிம்பே தொடாதவர்களிடம் சில சமயம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

முகத்தில் போடுகிறவர்கள் தனிக் கதை. முகத்தில் கருமை படரும் மங்குவுக்குச் சில வாரம் போட எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை, நிறம் வருகிறது என்று வருடக்கணக்கில் பூசி, தங்கைக்கும் கொடுத்து, கடைசியில் வெயிலில் நின்றாலே எரிகிறது என்று வருகிறார்கள். உடம்பின் எல்லாத் தோலும் ஒன்றல்ல. முன்கையைவிடத் தாடைத் தோல் சுமார் 13 மடங்கும், விதைப்பைத் தோல் 40 மடங்குக்கு மேலும் மருந்தை உறிஞ்சும். கையில் போட்டதை அங்கே போடாதீர்கள். கண் ஓரத்தில் டாக்டர் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள், கண்ணில் பிரஷர் ஏறும். குழந்தைக்குப் பூசி மேலே டயப்பர் கட்டாதீர்கள். முகத்தில் மாதக்கணக்கில் போட்டவர்கள், இதைப் படித்த வேகத்தில் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் வாருங்கள்.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள்?

சரி, இதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். கரப்பானில் ராத்திரி முழுக்கச் சொறிந்து அழும் குழந்தைக்கு நான் எழுதுவதும் ஸ்டீராய்டு களிம்புதான், வீரியம் குறைந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் சீட்டைக் கசக்கிப் போடும் அம்மாக்களும் உண்டு. தயவுசெய்து போடுங்கள், சொன்ன நாள் வரைக்கும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். மிச்சத்தை அடுத்த அரிப்புக்கென்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

ஆட்டோக்காரருக்குச் சில வாரத்துக்கு மாத்திரை எழுதினேன். துண்டு தனியாக இருக்கட்டும், உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள் என்றேன். கயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அவளுக்கும் இருக்கு டாக்டர். அவளும் இந்த ட்யூபைத்தான் போடுறா."