நீடிலைத் தொடுமுன் டேங்க்கைப் பாருங்கள்: நைட்ரோ ட்ரக்கில் காற்றுக் கசிவு

மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் ட்ரக்கான நைட்ரோ ட்ரக், டேங்க் நிறைந்திருக்கும்போது அழகாக ஓடும். பாதி தீர்ந்ததும் ஐடில் (த்ராட்டில் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறி இறங்கும். முழு த்ராட்டில் கொடுத்தால் ஒரு கணம் மூச்சு வாங்கும், தலைப்பகுதியின் சூடும் எகிறும். அதிவேகத்தில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான ஹைஸ்பீட் நீடிலைக் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிட்டது போலத் தெரியும். அடுத்த டேங்க் ஊற்றியதும் புகையைக் கக்கி இருமத் தொடங்கும். மூடுவதும் திறப்பதுமாகவே மாலை போய்விடும். ஒரே நாளில் இப்படித் திரும்பத் திரும்ப ட்யூன் மாறுகிறதென்றால், கார்புரேட்டரைக் குறை சொல்வதற்கு முன் டேங்க்கைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அதன் மூடியோ உள்ளே தொங்கும் ட்யூபோதான் குற்றவாளி.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் புழங்கிய வீடுகளில் இது பழகிய சங்கதி. காற்று அடித்தால்தான் எண்ணெய் மேலே ஏறும். காற்றுத் திருகு சரியாக மூடாவிட்டால் தீ தளர்ந்து போகும். நைட்ரோ ட்ரக்கிலும் எரிபொருளுக்குத் தனி பம்ப் கிடையாது. புகை வெளியேறும் மஃப்ளரிலிருந்து அல்லது ட்யூன்டு பைப்பிலிருந்து ஒரு மெல்லிய சிலிக்கான் ட்யூப் டேங்க்கின் மேற்பகுதிக்கு வருகிறது. புகையின் அழுத்தம் அதன் வழியே உள்ளே புகுந்து எரிபொருளைத் தள்ளுகிறது, கார்புரேட்டரின் உறிஞ்சல் மறுமுனையிலிருந்து இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் சேர்ந்தால்தான் அளவு சரியாக வரும்.

உறிஞ்சல் மட்டும் போதாதா என்றால், போதாது. சக்திக்காக இந்தக் கார்புரேட்டர்களின் துளையை அகலமாக வைத்திருக்கிறார்கள். துளை அகலமானால் உறிஞ்சல் பலவீனமாகும். எரிபொருளோ கொஞ்சமாகத் தேவைப்படுவதில்லை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிராம் போதும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராமே போதும். அதாவது அதே அளவு காற்றுக்கு இந்தக் கலவை பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். த்ராட்டில் ஏற ஏற புகை அழுத்தமும் ஏறுவதால், தேவை கூடும்போது தள்ளலும் தானாகக் கூடுகிறது. கசிவுள்ள டேங்க்கில் கெட்டுப்போவது இந்த ஏற்பாடுதான்: அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அழுத்தம் அதிகமாக வீணாகும்.

சூடு ஏறுவது மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. இந்த இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜினில் மசகு எண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் அதே விகிதத்தில் குறையும். லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக, ஓடும் இன்ஜின் அதிகச் சூட்டையும் குறைந்த எண்ணெயையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கின் கம்பி போவது சின்னச் செலவு. பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து கம்ப்ரெஷன் போனால், மூடியை இறுக்கி அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கை மிச்சம் பிடித்ததற்கு இன்ஜின் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கசியும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். மூடியில் கசிந்தால் அழுத்தம்தான் போகிறது, குழாயில் குமிழி வரவேண்டும் என்றில்லை. அதிவேகத்தில் லீனாகும். மூடியைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக அப்பியிருக்கும். டேங்க்குக்குள் அடிவரை தொங்கும் உறிஞ்சு ட்யூபின் மேல் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் கதை வேறு. டேங்க் நிறைந்திருக்கும்வரை வெடிப்பு எரிபொருளில் மூழ்கியிருக்கும், ஒரு குறையும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் எரிபொருளோடு காற்றும் சேர்ந்து போகும். பாதி டேங்க்கில் தொடங்கும் கோளாறுக்கு முதலில் தேட வேண்டிய இடம் இதுதான். டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபில் ஊசித்துளை இருந்தால் வெளிப்பக்கம் ஈரப் பிசுக்கும், உள்ளே ஓடும் குமிழிகளும் காட்டிக்கொடுக்கும்.

சோதனை, சைக்கிள் பங்க்சர் கடையில் செய்வதேதான். டேங்க்கைக் காலி செய்து கழற்றுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் முனையில் ஒரு துண்டு ட்யூப் மாட்டி, மடித்து, கேபிள் டையால் இறுக்குங்கள். அழுத்த ட்யூப் மாட்டும் முனையில் 20 செ.மீ. அளவில் புதிய ட்யூப் மாட்டி, மறுமுனையில் மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சைச் செருகுங்கள். வாயால் ஊதுகிறவர்கள் நிறைய. ஆனால் மெத்தனால் விஷம், கண்பார்வையையே பறிக்கக்கூடியது. பழைய ட்யூபில் வாய் வைக்க வேண்டாம். கம்ப்ரெஸர் அறவே கூடாது, டேங்க்கின் ஒட்டு பிளந்துவிடும்.

மூடியை மூடி, டேங்க்கை வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, சிரிஞ்சை மெதுவாக அழுத்திப் பத்து விநாடி பிடித்திருங்கள். மூடியில் ஒட்டியிருந்த காற்று முதலில் ஒன்றிரண்டு குமிழியாக வரும், அது கணக்கில்லை. ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து வருவதுதான் கசிவு. மூடியின் விளிம்பு, இரண்டு முனைகளின் அடிப்பாகம், மேல் கீழ் பாதிகள் சேரும் ஒட்டு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் கையால் அழுத்தி எரிபொருள் ஏற்றும் பிரைமர் பம்ப் உள்ள டேங்க் என்றால் அதன் ரப்பர் பொத்தானையும் விடக் கூடாது. மூடியை விரலால் அழுத்தியதும் குமிழி நின்றால், ஓ-ரிங் தட்டையாகிவிட்டது அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

மூடியைச் சரிசெய்யும்போது முதல் வேலை சுத்தம். ஓ-ரிங்கை எடுத்து, அது உட்காரும் பள்ளத்தையும் டேங்க் வாயின் விளிம்பையும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், அழுத்தம் நிற்காது. ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகவோ ஊதியோ இருந்தால் புதிது போடுங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது வைட்டான் என்னும் ரப்பர் விஷயத்தில். விலை கூடுதல், பெட்ரோலுக்கு அருமையாகத் தாங்கும் என்பதால் அதை வாங்கிப் போடுகிறார்கள். சாதாரண வைட்டான் மெத்தனாலில் ஊதிவிடும். டேங்க் தயாரிப்பாளரே விற்கும் ஓ-ரிங், அல்லது அதே அளவில் சிலிக்கான் ஓ-ரிங் போடுவதுதான் சரி. மாட்டுமுன் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவலாம்.

விளிம்பு வளைந்திருந்தால் 600 எண் தண்ணீர் சாண்ட்பேப்பரைக் கண்ணாடி மேல் விரித்து, மூடியின் அமரும் பகுதியை அதன்மேல் எட்டு போடுவது போலத் தேயுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டை மூடியின் கைப்பிடியிலிருந்து டேங்க்கின் அடிவரை இழுத்து மாட்டினால் வேலை நடக்கும். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது, ஆனாலும் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதைவிட நம்பகமானது.

ட்யூப் முனைகள் தளர்ந்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். ட்யூபைப் பிளையரால் பிடித்து இழுப்பதால்தான் பாதி வெடிப்புகள் உண்டாகின்றன. உள் ட்யூபை மாற்ற நீளமான இடுக்கி போதும். புதிய ட்யூபின் நீளம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். நீளம் கூடினால் நுனியிலுள்ள எடை மூலையில் சிக்கிக்கொள்ளும், குறைந்தால் கடைசிச் சில மில்லி லிட்டர்களை எடுக்காது. அழுத்த ட்யூப் பைப்பைத் தொட்டு உருகியிருக்கிறதா என்றும், பைப்பின் முனையில் கரி அடைத்திருக்கிறதா என்றும் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். அடைப்பும் கசிவும் காட்டும் அறிகுறி ஒன்றே. ஒட்டுப் பகுதி பிளந்த டேங்க்கை எபாக்ஸி பூசிக் காப்பாற்ற முயல்வது வீண் என்பதே எங்கள் கட்சி. டேங்க்கின் பிளாஸ்டிக் மேல் பசை சரியாகப் பிடிக்காது. புதிய டேங்க் வாங்கிவிடுங்கள்.

டேங்க் தேறியும் குமிழி ஓடுகிறதா? இரண்டு காரணங்கள் மிஞ்சும். ஒன்று, இடையில் மாட்டிய ஃபில்டரின் திருகு மூட்டு. இன்னொன்று, நுரை. டேங்க்கை ரப்பர் வாஷர் இல்லாமல் சேஸியில் இறுக்கினால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும். ஐடிலில் குமிழியே இல்லாமல், வேகத்தில், மட்டம் குறைந்தபோது மட்டும் வந்தால் அது நுரை. குழாய் முழுக்கத் தெளிவாக இருந்தும் ஐடில் அலைந்தால், கார்புரேட்டரின் அடி ஓ-ரிங்கையும் இன்ஜினின் பின்தட்டையும் பார்க்க வேண்டும். அங்கே காற்று நேராக கிராங்க் அறைக்குள் புகுகிறது.

கசிவை அடைத்ததும் இன்ஜின் அளவுக்கு மீறி ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, ஓடும், பதற வேண்டாம். கசிவை ஈடுகட்ட முன்பு திறந்துவைத்த நீடில் இன்னும் அப்படியே இருப்பதுதான் காரணம். கையேட்டில் சொன்ன தொடக்க அளவுக்கு நீடில்களைத் திருப்பிவைத்து, இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஒரு முறைக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் மூடுங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பின்னும் ஒரு நீண்ட ஓட்டம் விட்டு, க்ளோ பிளக்கின் அருகில் வெப்பமானியால் அளந்து பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு 105 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை சரி. வேகமெடுக்கும்போது பின்னால் மெல்லிய நீலப் புகைக்கோடு விடாமல் தெரிய வேண்டும். ஐடிலில் கார்புரேட்டருக்கு அருகில் ட்யூபைக் கிள்ளினால் இரண்டு மூன்று விநாடி ஓடி, வேகம் லேசாக ஏறி நிற்க வேண்டும். கிள்ளிய உடனே நின்றால் லோஸ்பீட் நீடில் (ஐடிலுக்கான திருகு) லீன், ஐந்தாறு விநாடிக்கு மேல் இழுத்தால் ரிச். இந்தக் கிள்ளலை டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு முறையும், கால் டேங்க்கில் ஒரு முறையும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாக இல்லாவிட்டால் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், எங்கோ இன்னொரு கசிவு மிச்சமிருக்கிறது.