கடிகாரம் பார்த்துக் கணக்குப் போட்ட கடை

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1827 மே மாதம் ஜோசையா வாரன் ஒரு கடை திறந்தார். மளிகை, துணி என்று வழக்கமான சரக்குகள்தான். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அந்தக் கடையின் தராசு அதுதான்.

வாரன் இசைக் கலைஞர். பன்றிக்கொழுப்பில் எரியும் விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்தவர். இண்டியானாவில் ராபர்ட் ஓவன் 1825இல் தொடங்கிய நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமைக் குடியிருப்பில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். சொத்து எல்லாருக்கும் பொது என்ற கனவு இரண்டே ஆண்டில் கலைந்தது. ஓயாத தகராறுகள். சொத்தைப் பொதுவாக்குவதை விட்டுவிட்டு, அவரவர் உழைப்பை அவரவர் கணக்கில் வைத்தால் சண்டை வராது என்று வாரன் நினைத்தார்.

சரி, கடை எப்படி நடந்தது? ஒரு தச்சர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுக்கும் துணியின் கொள்முதல் விலை ஒரு டாலர். வாடகை, தேய்மானம் போன்ற செலவுக்காக நூற்றுக்கு 4 முதல் 7 வரை அதன்மேல் சேரும். இதை அவர் காசாகக் கொடுத்துவிடுவார். துணியைக் காட்டி, அளந்து, வெட்டிக் கொடுக்க வாரனுக்குப் பத்து நிமிடம் ஆனதைக் கடிகாரம் காட்டுகிறது. அதற்குக் காசு கிடையாது. 'பத்து நிமிடத் தச்சு வேலை தரக் கடன்பட்டிருக்கிறேன்' என்று தச்சர் ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுதான் உழைப்புச் சீட்டு.

தாகத்தில் தவிப்பவனிடம் ஒரு குவளைத் தண்ணீருக்கு என்ன விலையும் கேட்கலாம். சாதாரண வியாபாரம் அப்படி வாங்குபவனின் தேவையை எடைபோட்டு விலை வைக்கிறது. வாரனோ செலவைத் தாண்டி விலை போகக் கூடாது என்றார். பேரம் பேசினால் கடிகாரம் ஓடும், கடன்தான் ஏறும். ஆகவே ஆட்கள் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரையும் திருத்தாமல், விலையை இரண்டாகப் பிரித்தே பேரத்தை நிறுத்திவிட்டார்.

எவருக்கு என்ன வேலை ஆகவேண்டும், எவரால் என்ன செய்து தர முடியும் என்று எழுதி வைக்கவும் கடையில் இடம் இருந்தது. அப்புறம், எல்லா மணி நேரமும் ஒன்றா என்ற கேள்வி வந்தது. பிற்பாடு வாரன், அருவருப்பான, உடலை வருத்தும் வேலைக்குக் கூடுதல் கூலி என்று கணக்கை மாற்றினார்.

சீட்டின் பலம் எழுதியவர் மேலுள்ள நம்பிக்கைதான். தச்சரை அறிந்தவரிடம் அது செல்லும். அறியாதவருக்கு வெறும் காகிதம்.

1830இல் வாரன் தாமாகவே கடையை மூடினார். நஷ்டம் காரணமில்லை, இதே கணக்கில் ஒரு முழு ஊரையே நடத்திப் பார்க்க விரும்பினார். அப்படி ஓஹையோவில் 1847இல் உருவான யுடோப்பியா என்ற ஊரில், கையில் பணமில்லாத குடும்பங்கள் உழைப்புச் சீட்டு கொடுத்து வீடு கட்டிக்கொண்டன.