ஊசி வேண்டாம், நடக்கக் கூட்டிப் போங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது நாய். ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவர், மூன்று வயது லெப்ரடோரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "டொக்டர், கோபம் அடங்க ஒரு ஊசி போடுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிச்சிருச்சு."

பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டி விசர்நாய்க்கடி ஊசி போட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்டேன். போட்டிருந்தார்கள், நல்லவேளை. அப்புறம் நாயைப் பார்த்தேன். நிறை 46 கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. சங்கிலி தேய்த்துக் கழுத்து மயிர் உதிர்ந்திருந்தது. நக்கி நக்கியே முன்காலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் புண். நடந்து தேயாத நகங்கள் கொக்கி போல வளைந்து, ஒன்று பாதத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது.

"எவ்வளவு நேரம் கட்டிப் போடுவீங்க?"

"எப்பவும்தான். கட்டிப் போட்டாத்தானே டொக்டர் கோபம் வரும், கள்ளன் பயப்படுவான்?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே விசர் பிடிக்கும் போலிருக்கிறது.

கட்டிக் கிடக்கும் நாய்க்கு வருவது காவல் புத்தி அல்ல, பயமும் எரிச்சலும். நாலடிச் சங்கிலியில் ஓடித் தப்ப இடமில்லை, கிட்ட வந்தவரைக் கடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது. வந்தது கள்ளனா, பந்தெடுக்க வந்த பிள்ளையா என்று பார்க்காது. காகத்துக்கும் குரைக்கும், கொழுந்து லொறிக்கும் குரைக்கும், காற்றில் ஆடும் தகரத்துக்கும் குரைக்கும். ஒரு கிழமையில் வீட்டுக்காரர்களே எழுந்து பார்ப்பதை விட்டுவிடுவார்கள். கள்ளனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அதோடு, இரவில் இஸ்தோப்பில், அதாவது வாசல் விறாந்தையில், கட்டிக் கிடக்கும் நாய், சிறுத்தைக்கு ஆக்கி வைத்த சோறு. இருட்டினால் தயவுசெய்து உள்ளே எடுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. காலையில் அரைமணி நேரம், இருட்டுவதற்குள் இன்னொரு அரைமணி நேரம் நடை. மோந்து பார்க்க நின்றால் இழுக்காதீர்கள், பாதிக் களைப்பு மூக்கு வழியாகத்தான் வரும். வீட்டில் பத்து நிமிடம் பழைய கயிற்றுத் துண்டை இழுத்து விளையாடுங்கள், ரொட்டித் துண்டை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். "குளிருதே டொக்டர்" என்கிறார்கள். குளிருவது உங்களுக்கு. நுவரெலியாவின் 16 பாகை லெப்ரடோருக்குச் சுகமான காலநிலை.

வெளியே போனால் கயிற்றில் பிடித்தே கூட்டிப் போங்கள். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குக்கு நாய் எது, பன்றி எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்றே அதில் மாட்டிச் செத்தது. மருந்தடித்த தேயிலை மலைக்குள் விடாதீர்கள். மழை நாளில் திரும்பி வந்ததும் விரலிடுக்கிலும் மூக்கிலும் அட்டை பாருங்கள். சாப்பிட்ட கையோடு பெரிய நாயை ஓட விடவே கூடாது, வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். குண்டு நாயை முதல் நாளே ஏற்றத்தில் இழுக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

கடைக்காரர் ஊசி இல்லாமல்தான் திரும்பினார். நகத்தை வெட்டி மருந்து கட்டிவிட்டேன். புண் ஆறியபின் மறுபடி காட்ட வர வேண்டும். கடைக்கும் இங்கேக்கும் அரை மைல்கூட இல்லை, அடுத்த முறை ஆட்டோ வேண்டாம், இரண்டு பேரும் நடந்தே வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.